ரோட்டோரம் கிடக்கும் ஒற்றைச் செருப்பு

ரோட்டில் அனாதையாகக் கிடக்கும் பொருட்களைப் பற்றி ஒரு டாக்டர் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதணும் என்று கேட்பீர்கள்.

காரணம் இருக்கு மக்களே.

டூவீலரிலிருந்து கீழே விழும் பொருள் ஒவ்வொன்றும், அதே வண்டியிலிருந்து நாளைக்கு ஒரு ஆள் விழக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. பொருள் விழுந்ததோடு போயிற்று என்றால் அது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் தினமும் கிடைக்காது. இதுதான் நான் சொல்ல வருவது. எப்படி என்று விளக்குகிறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் வேலைக்குப் போய் வருவது சைக்கிளில். மதுரை தெப்பக்குளம் பக்கமிருந்து காமராஜர் சாலை, கீழவாசல், நெல்பேட்டை, யானைக்கல், அப்புறம் ஏ.வி. பாலம் ஏறி கோரிப்பாளையம். சைக்கிளின் வேகம் மணிக்கு 12, மிஞ்சிப் போனால் 15 கிலோமீட்டர். அதுவும் இடது ஓரத்தில்.

பைக்கில் போகிறவர் முன்னாடி வரும் பஸ்ஸையும் பள்ளத்தையும் பார்த்தாக வேண்டும். காரில் போகிறவருக்கு ரோட்டின் ஓரமே தெரியாது. சைக்கிள்காரனுக்குத்தான் அந்த ஓரம் முழுசா கண்ணில் படும். டயர்களும் காற்றும் ஒதுக்கித் தள்ளும் எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

என்னவெல்லாம் கிடக்கும்?

டிபன் பாக்ஸ் மூடி. பள்ளிக்கூட அடையாள அட்டை. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு. ஹெல்மெட்டின் முன்கண்ணாடி. சில நாள் ஹெல்மெட்டே. துப்பட்டா. மாத்திரை அட்டைகள். எக்ஸ்ரே கவர். ஒரு நாள் கழுத்து வலிக்குப் போடும் காலர் பட்டை கிடந்தது. ஒரு நாள் மேல்வரிசைப் பல்செட்! பஸ் ஜன்னலில் தலையை நீட்டித் துப்பியவரோ, ஓங்கித் தும்மியவரோ, பாவம், அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்தாரோ.

இருந்தாலும் எண்ணிக்கையில் எல்லாத்தையும் தோற்கடிப்பது ஒற்றைச் செருப்புதான். அதிலும் குழந்தைகளின் செருப்பு, ஷூ.

அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு குழந்தையின் செருப்பு ஓடுகிற வண்டியிலிருந்து ஏன் விழுகிறது? கால் எதன் மேலும் ஊன்றாமல் தொங்குவதால். பெரியவர்களுக்கான ஃபுட்ரெஸ்ட் நான்கு வயதுக் குழந்தைக்கு எட்டாது. கால் காற்றில் ஆடும். குழந்தை தூங்கிவிட்டால் இன்னும் மோசம், உடம்பு தளர்ந்து கால் உள்பக்கம் சாயும்.

அந்தக் கால் தொங்கும் இடத்துக்கு விரற்கடை தூரத்தில் என்ன சுற்றிக்கொண்டிருக்கிறது? பின்சக்கரம்.

செருப்பு வெளிப்பக்கம் விழுந்தால் வீட்டுக்கு வந்து "எங்கடா இன்னொரு செருப்பு?" என்று ஒரு திட்டோடு முடியும். கால் உள்பக்கம் போனால் கதையே வேறு.

இதற்கு மருத்துவத்தில் 'ஸ்போக் காயம்' என்றே தனிப்பெயர் உண்டு. பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கு, குதிகாலிலும் கணுக்காலிலும். சுற்றும் கம்பி பாதத்தை உள்ளே இழுத்து, வண்டியின் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நசுக்கும். தோல் கிழியும், குதிகாலின் சதை பெயரும், குதிகால் தசைநாண் அறுபடலாம், எலும்பு முறியலாம். 'என் வண்டியில் ஸ்போக்ஸ் இல்லை, அலாய் வீல்தான்' என்று நிம்மதி அடைய வேண்டாம். அலாய் வீலின் இடைவெளியில் ஒரு குழந்தையின் பாதம் தாராளமாகப் போகும்.

இந்தக் காயத்தில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. முதல் நாள் பார்த்தால் "சிராய்ப்புதானே" என்று தோன்றும். நசுங்கிய தோலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் அடுத்தடுத்த நாட்களில் அது கறுத்துச் செத்துப்போகலாம். அப்புறம் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வரும். அதனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை போங்க. எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் காயத்தைக் காட்டுங்க.

கால் சிக்கிய அந்த நிமிடத்தில் என்ன செய்யணும்? வண்டியை உடனே நிறுத்துங்க. பதறிப்போய்க் காலை வெடுக்கென்று இழுக்காதீங்க, சக்கரத்தைச் சுற்றியும் பார்க்காதீங்க. மெதுவாக வரவில்லை என்றால் பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கம்பியை வெட்டச் சொல்லுங்க. சுத்தமான ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் மூடிக் கொண்டு வாங்க. காபித்தூள், மஞ்சள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

இதைத் தடுக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. சாரி கார்டு போதும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123 சொல்வது இது: டூவீலரில் பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானமும் ஃபுட்ரெஸ்ட்டும் இருக்கணும். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத அளவை மூடி, பின்னால் இருப்பவரின் துணி சிக்காமல் தடுக்கும் அமைப்பும் இருக்கணும். அது அழகுக்காகக் கொடுக்கும் உதிரி பாகம் கிடையாது, சட்டம் கேட்கும் பாகம்.

நாம் என்ன செய்கிறோம்? புது வண்டி எடுத்த வாரமே "லுக் கெடுது" என்று அதைக் கழற்றிப் பரணில் போடுகிறோம். அப்புறம் அதே வண்டியில் பிள்ளையை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறோம்.

பரணில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்க. இல்லையென்றால் வாங்கி மாட்டுங்க. ஒரு தோல் ஒட்டு அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவோடும் வலியோடும் ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை டூவீலரில் கூட்டிப்போனால், ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை போடணும். 9 மாதம் முதல் 4 வயது வரை குழந்தையின் தலைக்கு அளவான ஹெல்மெட் வேணும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான் தினமும் பள்ளி நேரத்தில்தான் போகிறேன். அந்தப் பட்டை போட்ட குழந்தையைப் பார்ப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது.

அடுத்தது துப்பட்டா.

ரோட்டோரம் கிடக்கும் துப்பட்டாவைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு முனை கிழிந்து, கிரீஸ் அப்பியிருக்கும். அது காற்றில் பறந்து வந்து விழுந்ததல்ல. சக்கரமோ செயினோ பிடித்து இழுத்திருக்கிறது. கழுத்தைச் சுற்றி முடிச்சு இல்லாததால் துணி மட்டும் போயிருக்கிறது.

கழுத்தைச் சுற்றியிருந்தால்?

இசடோரா டங்கன் என்று ஒரு புகழ்பெற்ற நடனக் கலைஞர். 1927 செப்டம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரில் திறந்த காரில் போகும்போது, கழுத்தில் சுற்றியிருந்த நீளமான பட்டுத்துணி சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். ஓடும் சக்கரத்தில் துணி மாட்டிக் கழுத்து இறுகுவதற்கு மருத்துவ நூல்கள் அவர் பெயரையே வைத்திருக்கின்றன. அங்கே பட்டுத்துணி, இங்கே துப்பட்டா. பைக், ஸ்கூட்டி, ஆட்டோ, கிரைண்டர், கரும்பு பிழியும் இயந்திரம் என்று இங்கே சக்கரங்களும் அதிகம்.

ஒரு நொடிதான். கழுத்து இறுகும், குரல்வளை நசுங்கும், கழுத்தெலும்பு முறியும், வண்டியிலிருந்து பின்னந்தலை அடிபட விழுவார். தப்பித்தவர்கள் "ஒண்ணுமில்ல, லேசாத்தான் இழுத்துச்சு" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. உள்ளே வீக்கம் சில மணி நேரம் கழித்தும் ஏறலாம். குரல் மாறினால், எச்சில் விழுங்க வலித்தால், மூச்சு இழுக்கச் சிரமமாக இருந்தால் அது அவசர சிகிச்சைக்கான அறிகுறி. அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். துப்பட்டா போடாதே, சேலை கட்டாதே என்று நான் சொல்லவில்லை. பெண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று சொல்ல ஏற்கனவே ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். வண்டியில் ஏறும் முன் இரு முனையையும் முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், அல்லது பைக்குள் வையுங்கள். முந்தானையை மடியில் செருகுங்கள். வண்டி ஓட்டும் ஆண்களே, பின்னால் இருப்பவர் துணியைச் சரிசெய்த பிறகே கிளப்புங்க. "ஏறியாச்சா?" என்று கேட்கும் வாய் "செருகியாச்சா?" என்றும் கேட்கலாம்.

மூன்றாவது, ஹெல்மெட்.

ரோட்டில் உருண்டு கிடக்கும் ஹெல்மெட்டைப் பார்த்தால் எனக்குப் பொருள் தொலைந்ததாகத் தோன்றாது, வகுப்பில் பாடம் நடத்துவது போல இருக்கும். ஹெல்மெட் எப்போது கீழே விழும்? கண்ணாடியில் மாட்டியிருந்தால், பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்தால், கையில் கோர்த்திருந்தால். அல்லது பட்டை போடாமல் தலையில் கவிழ்த்திருந்தால்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129 'தலைக்கவசம் அணிய வேண்டும்' என்பதோடு நிற்கவில்லை. பட்டையால் தலையோடு உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பட்டை போடாத ஹெல்மெட், விழுகிற வேகத்தில் தலை தரையைத் தொடும் முன்பே கழன்று ஓடிவிடும். காவலரிடமிருந்து காப்பாற்றும், தார் ரோட்டிடமிருந்து காப்பாற்றாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்கள் என்று கணக்கிட்டது 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்னால் உட்காருபவரின் மண்டை ஓடு இரும்பால் செய்ததில்லை என்பதை இந்த எண்ணிக்கையைப் பார்த்தாவது ஒத்துக்கொள்வோம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, விபத்தில் சிக்கியவர்களுக்கு ஹெல்மெட் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

உங்கள் ஹெல்மெட் சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மாட்டிப் பட்டையைப் போடுங்க. தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒன்றிரண்டு விரல்தான் போகணும். இப்போது யாரையாவது ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளச் சொல்லுங்க. கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

இன்னொன்று. ரோட்டில் கிடந்த ஹெல்மெட்டை "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்து மாட்டாதீங்க. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒரு பெரிய அடியைத் தாங்கினால் நசுங்கிவிடும், மறுபடி உப்பாது. வெளியே கீறல்கூட இருக்காது. வண்டியிலிருந்து வேகமாக விழுந்த ஹெல்மெட் உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது. விபத்தில் அடிபட்ட சொந்த ஹெல்மெட்டுக்கும் இதே விதிதான்.

நான்காவதாக நான் எப்போதும் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பது, மாத்திரைக் கவரும் மருத்துவமனை ஃபைலும்.

மெட்டுல்லியான மெடிக்கல் ஷாப் கவரை ஹேண்டில்பாரில் மாட்டுவார்கள். அது ஆடி ஆடிக் கிழியும். ஒரு மாத சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை நெல்பேட்டையில் கிடக்கும். ஆள் கோரிப்பாளையம் தாண்டியிருப்பார்.

அப்புறம் என்ன நடக்கும் தெரியுமா? பாதிப்பேர் திரும்ப வாங்க மாட்டார்கள். "அடுத்த மாசம் போகும்போது பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். காசு ஒரு காரணம், "தொலைச்சிட்டேன்னு சொன்னா டாக்டர் திட்டுவாரு" என்ற பயம் இன்னொரு காரணம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும், அது நிற்காமலும் போகலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர் சட்டென்று நிறுத்தக் கூடாது. காசநோய் மாத்திரையும் விட்டுவிட்டு எடுக்கக் கூடியதல்ல.

மாத்திரை தொலைந்தால் அன்றைக்கே கேளுங்க. அரசு மருத்துவமனையோ ஆரம்ப சுகாதார நிலையமோ, போய்ச் சொல்லுங்க. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்குபவர்கள் வீட்டுக்கு வரும் பணியாளரிடமே சொல்லலாம். தொலைப்பது குற்றமல்ல. யாராவது திட்டினாலும் பரவாயில்லை, வாங்கிட்டு வாங்க.

ரோட்டில் கிடக்கும் மாத்திரையை எடுத்து யாரும் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் கிடந்த இன்சுலின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வீரியம் போயிருக்கும்.

இப்போது ஃபைல்.

சில மாதங்களுக்கு முன் யானைக்கல் அருகே ஒரு எக்ஸ்ரே கவரும் அதற்குள் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியும் கிடந்தது. மேலே எழுதியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு பெரியவர் ஓடி வந்தார். மறுநாள் அவர் மனைவிக்கு ஸ்கேன் தேதி. "இது இல்லாம போனா மறுபடி முதல்லேருந்து வரிசைல நிக்கணும் தம்பி" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நமக்கு அது பிளாஸ்டிக் கவர். அவருக்கு ஆறு மாத அலைச்சல்.

நல்ல மனசுக்காரர்கள் நிறைய பேர் இதைப் பார்த்தால் எடுக்கத்தான் செய்கிறார்கள். எடுத்த உடனே செய்வது என்ன? அதைப் பிரித்து, போட்டோ எடுத்து, "உரியவரிடம் சேரும் வரை ஷேர் செய்யவும்" என்று வாட்ஸப்பில் போடுவது.

தயவுசெய்து இதைச் செய்யாதீங்க.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. எச்ஐவி பரிசோதனை முடிவாக இருக்கலாம். கருக்கலைப்பு விவரமாக இருக்கலாம். மனநல சிகிச்சையாக இருக்கலாம். வீட்டுக்கே சொல்லாமல் எடுத்த புற்றுநோய்ப் பரிசோதனையாக இருக்கலாம். பெயரோடு, வயதோடு, ஊரோடு அது நானூறு குழுக்களுக்குப் போனால், காகிதம் கிடைத்துவிடும், மானம் தொலைந்துவிடும். தொலைந்த ஃபைலுக்கு நகல் வாங்கலாம். தொலைந்த ரகசியத்துக்கு நகல் கிடையாது.

மேலட்டையில் போன் எண் இருந்தால் கூப்பிடுங்க. இல்லையென்றால் அதில் அச்சடித்திருக்கும் மருத்துவமனையின் விசாரணை மையத்தில் கொடுத்துவிடுங்க, பதிவு எண்ணை வைத்து அவர்கள் கண்டுபிடிப்பார்கள். அதுவும் முடியாதா, பக்கத்துக் காவல் நிலையம்.

"இதெல்லாம் அவரவர் கவனக்குறைவு டாக்டர், நீங்க என்ன பண்ண முடியும்?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

எனக்கு அந்த வார்த்தையில் உடன்பாடில்லை. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை, தோளில் ஸ்கூல் பேக் என்று பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கவனத்துக்கு என்ன குறை? அவருக்குக் கைதான் போதவில்லை. பஸ் நேரத்துக்கு வராத ஊரில் ஒரே பைக்கில் நான்கு பேர் போவது சட்டப்படி தவறு, ஆபத்து. ஆனால் அதை ஆசைப்பட்டு யாரும் செய்வதில்லை.

'கவனமா இரு' என்ற அறிவுரை ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்காது. கட்டிய முடிச்சு, போட்ட பக்கிள், மாட்டிய சாரி கார்டு வீடு வரைக்கும் தாங்கும். மனிதனின் கவனம் சிதறும். அதை நம்பி ஒரு குழந்தையின் காலை விடக் கூடாது.

அதனால் கேட்கிறேன். வண்டி விற்பவர்கள் சாரி கார்டு இல்லாமல் வண்டியை வெளியே விடாதீங்க. மெடிக்கல் ஷாப் நண்பர்கள் மாதக்கணக்கு மாத்திரை வாங்குபவரிடம் "மஞ்சப்பை கொண்டு வாங்க" என்று சொல்லுங்க. மருத்துவமனைகள் ஃபைலின் மேலட்டையில் நோயின் பெயரைப் போடாமல், பதிவு எண்ணும் 'கிடைத்தால் அழைக்க' என்று ஒரு போன் எண்ணும் மட்டும் அச்சடிக்கலாம்.

நாம் வண்டியை எடுக்கும் முன் அரை நிமிடம் செலவழித்தால் போதும்:

1. குழந்தையின் இரண்டு காலும் எதன் மேலாவது ஊன்றியிருக்கிறதா? தூங்கிவிட்டால் நிறுத்துங்க. பெரியவர் ஒருவர் பின்னால் அணைத்துப் பிடிக்காமல் தூங்கும் குழந்தையோடு ஓட்டாதீங்க.

2. சாரி கார்டு, செயின் கவர் இரண்டும் இருக்கிறதா?

3. துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனி, மழைக்கோட்டின் வால் எல்லாம் செருகியாச்சா?

4. ஹெல்மெட் பட்டை 'டக்' என்று சத்தம் கேட்டதா? இரண்டு பேருக்கும்?

5. மாத்திரையும் ஃபைலும் ஜிப் வைத்த பைக்குள் இருக்கிறதா? டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்க.

6. பின்னால் மூட்டை கட்டினால், எலாஸ்டிக் கயிற்றின் கொக்கியை மாட்டும்போது முகத்தைத் தள்ளி வையுங்க. அது தெறித்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

ஓடும்போது ஏதாவது விழுந்துவிட்டால் சடன் பிரேக் போடாதீங்க, நடுரோட்டில் திரும்பாதீங்க. இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தி, இறங்கி, ரோடு காலியானதும் நடந்து போய் எடுங்க. அதற்குள் லாரி ஏறிவிட்டால் ஏறிவிட்டுப் போகட்டும். செருப்புக் கடை நாளைக்கும் திறந்திருக்கும்.

இதைப் படித்தவர்களில் பத்து பேர் பரணில் கிடக்கும் சாரி கார்டை இன்று இறக்கி மாட்டினால், எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிட்டது.

பிள்ளைகளை டூவீலரில் பள்ளிக்கு விடும் யாராவது ஒருவருக்கு இதை அனுப்புங்க.